‘தி அமெரிக்கன்ஸ்’ தொடர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தத் தொடரை நான் முழுதாக மூன்று தடவை பார்த்திருக்கிறேன். பார்க்கச் சொல்லி நச்சரித்ததில் நண்பர்கள் பலரும் உட்கார்ந்து பார்த்தார்கள். பாதியில் சிலரும் முடித்தபிறகு சிலரும் கேட்ட கேள்விகளுக்கு என் பதில்கள் இவை. முதல் சில கேள்விகளைத் தொடர் பார்க்காதவர்களும் பயமில்லாமல் படிக்கலாம். கதை வெளிவரும் இடம் வந்ததும் சொல்லிவிடுகிறேன்.

கதை என்ன?

1981. ரொனால்ட் ரீகன் அமெரிக்க அதிபராகப் பதவியேற்ற சமயம். வாஷிங்டனை ஒட்டி, வர்ஜீனியா மாநிலத்தில் ஃபால்ஸ் சர்ச் என்கிற ஊர். அங்கே ஃபிலிப் ஜென்னிங்ஸ், எலிசபெத் ஜென்னிங்ஸ் என்று ஒரு கணவன் மனைவி டிராவல் ஏஜென்சி நடத்துகிறார்கள். பெய்ஜ் என்று ஒரு பெண், ஹென்றி என்று ஒரு பையன். பார்த்தால் சாதாரண அமெரிக்கக் குடும்பம். ஆனால் அப்பாவும் அம்மாவும் சோவியத் உளவு அமைப்பான கேஜிபி இளம் வயதிலேயே பயிற்சி கொடுத்து அனுப்பிவைத்த ஆட்கள். இது பிள்ளைகளுக்கே தெரியாது. முதல் எபிசோடில் எதிர்வீட்டுக்கு ஒருவர் குடிவருகிறார். பெயர் ஸ்டான் பீமன். வேலை, அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயில், வெளிநாட்டு உளவாளிகளைப் பிடிக்கும் எதிர் உளவுப் பிரிவில்.

ஃபிலிப்பாக மாத்யூ ரீஸ், எலிசபெத்தாக கெரி ரஸல், ஸ்டானாக நோவா எம்மரிக். எஃப்எக்ஸ் சேனலில் 2013 ஜனவரியில் தொடங்கி 2018 மே மாதம் முடிந்தது. ஆறு சீசன், மொத்தம் 75 எபிசோட்.

வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பார்க்கலாமா?

வேண்டாம். படுக்கையறைக் காட்சிகளும் கொலைகளும் நிறைய. பிள்ளைகள் தூங்கியபிறகு பாருங்கள்.

இது உண்மைக் கதையா?

இந்தக் குடும்பம் கற்பனை. ஆனால் அடித்தளம் உண்மை.

2010 ஜூன் 27 அன்று எஃப்பிஐ ஒரே நாளில் பத்துப் பேரைக் கைது செய்தது. அமெரிக்கர்களைப் போலவும் கனடாக்காரர்களைப் போலவும் பல வருஷமாகக் குடும்பம் நடத்திவந்த ரஷ்ய உளவாளிகள். மாசசூசெட்ஸ் மாநிலம் கேம்பிரிட்ஜில் இருந்த டொனால்ட் ஹீத்ஃபீல்ட், டிரேசி ஃபோலி தம்பதி உண்மையில் ஆந்திரே பெஸ்ருகோவ், எலெனா வாவிலோவா. கனடாவில் குழந்தையாகவே இறந்துபோனவர்களின் பெயர்களை எடுத்துக்கொண்டு வாழ்ந்தவர்கள். இரண்டு மகன்கள். மூத்தவனின் இருபதாவது பிறந்தநாளன்று எஃப்பிஐ கதவைத் தட்டியது. இரண்டு வாரம் முடிவதற்குள், ஜூலை 9 அன்று, வியன்னா விமான நிலையத்தில் ரஷ்யா விடுவித்த நான்கு கைதிகளுக்குப் பதிலாக இந்தப் பத்துப் பேரையும் ஒப்படைத்தார்கள்.

அந்தப் பிள்ளைகளின் கதையைத் தேடிப் படித்தபோதுதான் தொடர் எனக்கு இன்னும் கனமாகத் தெரிந்தது. டொரொண்டோவில் பிறந்த அவர்களுடைய கனடா குடியுரிமையை அந்த அரசு மறுத்தது. இளையவர் வழக்குப் போட்டார். அது கனடா உச்ச நீதிமன்றம் வரை போய், 2019 டிசம்பரில் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. அப்பா அம்மா செய்த வேலைக்கு அந்தப் பையன் ஒன்பது வருஷத்துக்கும் மேல் விலை கொடுத்திருக்கிறார்.

தொடரை உருவாக்கிய ஜோ வைஸ்பெர்க் 1990களின் தொடக்கத்தில் அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏவில் வேலை பார்த்தவர். அதனால் ஸ்கிரிப்டுகளை அங்கே காட்டி அனுமதி வாங்க வேண்டியிருந்தது. கூட வேலை பார்த்தவர்கள் தங்கள் பிள்ளைகளிடமே என்ன வேலை என்று பொய் சொல்ல வேண்டியிருந்ததைப் பற்றி அவர் பேட்டிகளில் பேசியிருக்கிறார். பெய்ஜின் கதை அங்கிருந்து வந்தது என்றே எனக்குப் படுகிறது.

2010இல் நடந்ததை ஏன் 1980களுக்குக் கொண்டுபோனார்கள்?

2010இல் பிடிபட்டவர்கள் மேல் ரகசிய ஆவணம் திருடியதாக வழக்கே இல்லை. வெளிநாட்டு அரசின் ஏஜென்ட் என்று பதிவு செய்யாமல் செயல்படச் சதி செய்தார்கள் என்பதைத்தான் ஒப்புக்கொண்டார்கள். அதை வைத்து ஆறு சீசன் ஓட்ட முடியாது. 1980களில் ஒவ்வொரு செய்திக்குப் பின்னாலும் அணு ஆயுதப் போர் பயம் நின்றது. 1981 மார்ச் 30 அன்று ரீகன் சுடப்பட்டார் அல்லவா, அதை வைத்து முதல் சீசனில் ஒரு எபிசோட் இருக்கிறது. அப்போதைய வெளியுறவு அமைச்சர் அலெக்சாண்டர் ஹெய்க் ‘இங்கே நான்தான் பொறுப்பில் இருக்கிறேன்’ என்கிற மாதிரி டிவியில் பேசியதைக் கேட்டு, அமெரிக்காவில் ராணுவப் புரட்சி வந்துவிட்டதோ என்று மாஸ்கோ தரப்பு பதறுகிறது. சொந்த நாட்டு அனுபவத்தை வைத்தே எதிரியைப் புரிந்துகொள்வதில் இருக்கும் ஆபத்தை இவ்வளவு எளிமையாக வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

உண்மையான உளவாளிகள் இப்படி விக் மாட்டிக்கொண்டு ஆட்களைக் கொன்றார்களா?

கொலைகள் மிகையானவை. இப்படி வேற்று அடையாளத்தில் வாழ்கிறவர்களை ‘இல்லீகல்ஸ்’ என்பார்கள். தூதரகப் பாதுகாப்பு கிடையாது, மாட்டினால் ஜெயில். ஒருவரை உருவாக்கவே பல வருஷம் ஆகும். அவர்களை வாரத்துக்கு ஒரு கொலைக்கு அனுப்பி வீணாக்க யாருக்கும் மனசு வராது.

ஆனால் தொழில் நுணுக்கங்கள் நிஜம். சிற்றலை ரேடியோவில் எண்களாக வரும் உத்தரவு, ஒரே தடவை பயன்படுத்தி அழித்துவிடும் சங்கேதத் தாள், பூங்காவில் ஒளித்துவைத்து எடுக்கும் பொட்டலம், ஒரு இடத்துக்குப் போகுமுன் பின்னால் யாரும் வருகிறார்களா என்று பார்க்க மணிக்கணக்கில் சுற்றுவது, எல்லாம் அந்தக் காலத்து நடைமுறை.

எஃப்பிஐ அதிகாரி எதிர்வீட்டிலேயே குடிவருவதெல்லாம் நம்புகிற மாதிரியா இருக்கிறது?

ஜாக் பார்ஸ்கி என்பவரின் கதையைப் படித்தால் நம்புவீர்கள். கிழக்கு ஜெர்மனியில் பிறந்தவர், உண்மைப் பெயர் ஆல்பிரெக்ட் டிட்ரிக். 1978இல் கேஜிபி அவரை அமெரிக்காவுக்கு அனுப்பியது. ஜாக் பார்ஸ்கி என்பது பத்து வயதில் இறந்துபோன ஒரு பையனின் பெயர். பிற்பாடு அவர் மேல் சந்தேகம் வந்தபோது, கண்காணிப்பதற்காக எஃப்பிஐ அவருடைய பக்கத்து வீட்டையே விலைக்கு வாங்கியது. தொடரில் நடப்பது தற்செயல், நிஜத்தில் நடந்தது திட்டம். அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1988இல் திரும்பி வரச் சொல்லி கேஜிபி உத்தரவு அனுப்பியபோது பார்ஸ்கி போகவில்லை. தனக்கு எய்ட்ஸ் வந்துவிட்டது என்று பொய் எழுதி அனுப்பிவிட்டு அமெரிக்காவிலேயே தங்கிவிட்டார். காரணம், கைக்குழந்தையாக இருந்த மகள். பல வருஷப் பயிற்சியும் கொள்கையும் ஒரு குழந்தையின் முன்னால் நிற்கவில்லை. ஃபிலிப் முதல் எபிசோடிலேயே ‘கட்சி மாறிவிடலாம், இங்கேயே இருந்துவிடலாம்’ என்று எலிசபெத்திடம் கெஞ்சும்போது எனக்கு இந்த மனிதர்தான் ஞாபகத்துக்கு வருகிறார்.

ரஷ்ய மொழி வசனம் இவ்வளவு வருகிறதே, சப்டைட்டில் படிக்கவே நேரம் போகிறதே?

பொறுத்துக்கொள்ளுங்கள், பழகிவிடும். ரஷ்யர்கள் தங்களுக்குள் ரஷ்ய மொழியில் பேசுவதுதானே நியாயம்? சோவியத் தூதரகத்துக்குள் நடக்கும் காட்சிகளில் ஆர்காடி, நீனா, ஒலெக் மூவரும் பேசும்போது அவர்கள் எதிரிகளாகவே தெரிவதில்லை. ஆபீசில் மேலதிகாரிக்குப் பயந்து, ஊர் ஞாபகத்தில் வாடும் மனிதர்களாகத் தெரிகிறார்கள். இன்னொன்றைக் கவனியுங்கள். ஃபிலிப்பும் எலிசபெத்தும் தனியாக இருக்கும்போதுகூடத் தாய்மொழி பேசுவதில்லை. அப்படித்தான் பயிற்சி. கணவன் மனைவி சண்டைகூட வாடகை மொழியில்தான் நடக்கிறது.

*இதற்கு மேல் முழுக் கதையும் முடிவும் வருகிறது. பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொண்டு, பார்த்துவிட்டு வாருங்கள்.*

இது உளவுக் கதையா, கல்யாணக் கதையா?

கல்யாணக் கதை. உருவாக்கியவர்களே அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள். நானும் அதையே நம்புகிறேன். இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்த ஒரு பதிலுக்காகத்தான்.

மாஸ்கோவில் ஒரு அறைக்குள் இரண்டு பேரை உட்காரவைத்து, இனி நீங்கள் கணவன் மனைவி என்கிறார் கேஜிபி ஜெனரல். அவளுக்கு இவன் யார் என்று தெரியாது, இவனுக்கு அவள் யார் என்று தெரியாது. பழைய வாழ்க்கையைப் பற்றி ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளக் கூடாது என்றும் கட்டளை. பெரியவர்கள் பார்த்துச் செய்துவைத்த கல்யாணத்தில் முதல் ராத்திரி முகம் தெரியாமல் உட்கார்ந்திருந்த நம் பாட்டிமாருக்கு இந்தக் காட்சி சட்டென்று புரிந்திருக்கும். அவர்களுக்காவது சொந்தபந்தம், ஊர், சாமி என்று சுற்றி ஏதோ இருந்தது. இவர்களுக்கு ஒருவரைவிட்டால் மற்றவர்தான்.

தொடர் தொடங்கும்போது பிள்ளைகளுக்குப் பத்துப் பதின்மூன்று வயது ஆகிவிட்டது. ஆனாலும் எலிசபெத் ஃபிலிப்பை மனசளவில் கணவனாக ஏற்றுக்கொள்ளவில்லை. பயிற்சியில் இருந்தபோது எலிசபெத்தைப் பலாத்காரம் செய்த திமோஷெவ் என்கிற கேஜிபி அதிகாரி, அமெரிக்கா பக்கம் கட்சி மாறி வந்தவன். அவனைக் கடத்திக் காரில் அடைத்து வைத்திருக்கிறார்கள். நடந்தது ஃபிலிப்புக்குத் தெரியவந்ததும், அந்த ஆளை ஒப்படைத்துப் பணம் வாங்கி அமெரிக்காவிலேயே தங்கிவிடலாம் என்ற தன் ஆசையை அந்த நிமிஷமே விட்டுவிட்டு அவனைக் கொல்கிறான். அன்றைக்குத்தான் எலிசபெத் தன் உண்மையான பெயரை, நதேஷ்தா என்பதை, அவனிடம் சொல்லத் தொடங்குகிறாள். பதினைந்து வருஷத்துக்கு மேல் கூட வாழ்ந்தவனிடம் பெயரைச் சொல்வது எவ்வளவு பெரிய விஷயம்!

அதற்கப்புறம் எல்லாமே அந்தக் கல்யாணத்தைச் சுற்றித்தான். மூன்றாவது சீசனில் எலிசபெத்தின் பல் உடைந்துவிடும். எஃப்பிஐ தேடுவதால் டாக்டரிடம் போக முடியாது. வீட்டு அடித்தளத்தில் ஃபிலிப் குறடால் பல்லைப் பிடுங்குவான். அவள் கண்கள் அவன் முகத்தைவிட்டு நகராது. வசனமே இல்லாத அந்தக் காட்சியில் இருக்கும் நெருக்கம் எந்தப் படுக்கையறைக் காட்சியிலும் இல்லை. ஐந்தாவது சீசனில் ஒரு ரஷ்யப் பாதிரியாரை வைத்து ரகசியமாக, தங்கள் சொந்தப் பெயரில், முறைப்படி கல்யாணம் செய்துகொள்கிறார்கள். இருவருக்கும் கடவுள் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அந்த மோதிரம் வேண்டியிருந்தது.

மார்த்தாவுக்கு ஃபிலிப் செய்தது மன்னிக்கக்கூடியதா?

இல்லை. என்னால் முடியவில்லை.

மார்த்தா எஃப்பிஐ எதிர் உளவுப் பிரிவுத் தலைவரின் செயலாளர். தனிமையில் இருந்த பெண். ஃபிலிப் ‘கிளார்க்’ என்கிற பெயரில் விக்கும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு அவளை மயக்கி, கல்யாணமே செய்துகொள்கிறான். அந்தக் கல்யாணத்துக்கு எலிசபெத் மாப்பிள்ளையின் தங்கையாக வந்து நிற்கிறாள்! தன் கணவன் இன்னொருத்திக்குச் சொல்லும் உறுதிமொழியைக் கேட்டபோது அவள் முகம் மாறுவதைத் திரும்பிப் பாருங்கள். தனக்குக் கிடைக்காத கல்யாணம் அது.

இதுவும் கற்பனை என்று நினைக்காதீர்கள். கிழக்கு ஜெர்மனியின் உளவுத் தலைவர் மார்க்கஸ் வோல்ஃப் மேற்கு ஜெர்மனியின் பான் நகரில் இருந்த அரசு அலுவலகச் செயலாளர்களை மயக்கவென்றே ஆண்களை அனுப்பினார். ‘ரோமியோ’ உளவாளிகள் என்றே அவர்களுக்குப் பெயர். அந்தப் பெண்களில் சிலர் ஜெயிலுக்குப் போனார்கள்.

மூன்றாவது சீசன் முடிவில் ஃபிலிப் அவள் முன்னால் விக்கைக் கழற்றுவான். அடுத்த சீசனில் குட்டி விமானத்தில் அவளை ஏற்றி ஊரைவிட்டு அனுப்புவார்கள். மாஸ்கோவில் மொழி தெரியாமல், கடையில் உருளைக்கிழங்கு பொறுக்கிக்கொண்டு நிற்கும் மார்த்தாவைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. கடைசியில் ஒரு அநாதைக் குழந்தையைக் காட்டி, வளர்த்துக்கொள்கிறாயா என்று கேட்பார்கள். அதை ஆறுதல் என்கிறவர்கள் இருக்கிறார்கள். எடுத்துக்கொண்ட வாழ்க்கைக்கு அது ஈடாகாது என்பதே என் கட்சி.

மறக்க முடியாத ஒரு எபிசோட் சொல்லுங்கள் என்றால்?

மூன்றாவது சீசனில் தபால் ரோபோ எபிசோட். எஃப்பிஐ அலுவலகத்தில் தபால் கொண்டுபோகும் ரோபோவை ஒரு கடையில் பழுதுபார்க்கக் கொடுத்திருப்பார்கள். ராத்திரியில் அதற்குள் ஒலிவாங்கி வைக்க இருவரும் உள்ளே போனால், மாடியில் பெட்டி என்கிற வயதான அம்மா கணக்கு எழுதிக்கொண்டிருப்பார். லோயிஸ் ஸ்மித் என்கிற நடிகை. பார்த்துவிட்டதால் அவரை விட முடியாது. எலிசபெத் அவரோடு உட்கார்ந்து, அவருடைய இதய மாத்திரைகளையே ஒவ்வொன்றாக விழுங்கச் சொல்கிறாள். அந்த அம்மா இறந்துபோன தன் கணவரைப் பற்றிப் பேசிக்கொண்டே சாகிறார். சாவதற்கு முன் எலிசபெத்திடம், இதெல்லாம் செய்தால் உலகம் நல்லதாகிவிடும் என்று நினைக்கிறாயா என்று கேட்பார். அன்றிலிருந்து எலிசபெத்தின் கண்ணில் ஏதோ ஒன்று குறைந்துகொண்டே வருகிறது.

பெய்ஜைப் பார்த்தாலே எரிச்சலாக இருக்கிறதே?

பலரும் சொல்வதுதான். எனக்கு அந்தப் பெண் மேல் இரக்கம்தான். அப்பா அம்மா நடுராத்திரியில் வேலை என்று கிளம்பிப்போகும் வீட்டில் வளர்ந்தவள். ஏதோ பொய் என்று மோப்பம் பிடித்து, பதினைந்து வயதில் நேருக்கு நேர் கேட்டு உண்மையை வாங்குகிறாள். அதைச் சுமக்க முடியாமல் தான் போகும் சர்ச்சின் பாதிரியார் பாஸ்டர் டிமுக்கு போன் செய்து சொல்லிவிடுகிறாள். அப்போது பின்னணியில் ரீகன் சோவியத்தைத் ‘தீய பேரரசு’ என்று பேசிய 1983 மார்ச் 8 உரை ஓடுகிறது. யாரிடமாவது சொல்லாமல் எந்தப் பிள்ளையால் இருக்க முடியும்? கடைசி சீசனில் அவளையும் உளவு வேலைக்குத் தயார் செய்யும் எலிசபெத்தைப் பார்த்துத்தான் எனக்குக் கோபம் வந்தது.

ஐந்தாவது சீசன் ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறது?

ஆமாம், மெதுவுதான். முதல் எபிசோடிலேயே ஒரு குழி தோண்டுவதைப் பல நிமிடம் காட்டுவார்கள். ஆனால் கோதுமைக் கதையை விட்டுவிடாதீர்கள். சோவியத் பயிரை அழிக்க அமெரிக்கா பூச்சி வளர்க்கிறது என்று நம்பி ஒருவனைக் கொன்றபிறகு, அந்த ஆராய்ச்சி எந்தப் பூச்சிக்கும் தாங்கும் கோதுமைக்கானது என்று தெரியவரும். ஃபிலிப் அங்கேதான் உடைகிறான். ஆறாவது சீசனில் அவன் வேலையை விட்டுவிட்டு வெறும் டிராவல் ஏஜென்டாக நிற்பதற்கு இந்தச் சீசன் வேண்டும்.

கிளைமாக்ஸில் ஸ்டான் ஏன் அவர்களை விட்டுவிட்டார்?

பெய்ஜ் குடியிருக்கும் கட்டடத்தின் கார் நிறுத்துமிடம். ஸ்டான் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு நிற்கிறார். எதிரே மூன்று பேர். ஏறக்குறையப் பத்து நிமிடம் ஒரே காட்சி. முதலில் ஃபிலிப் பொய் சொல்லிப் பார்க்கிறான், பிறகு விட்டுவிடுகிறான். நீதான் எனக்கு இருந்த ஒரே நண்பன் என்கிறான்.

சோவியத் தலைவர் கோர்பசேவைக் கவிழ்க்க கேஜிபிக்குள் ஒரு கூட்டம் சதி செய்கிறது, அந்தத் தகவல் மாஸ்கோ போய்ச் சேர வேண்டும் என்பது ஒரு காரணம். 1987 டிசம்பர் 8 அன்று ரீகனும் கோர்பசேவும் வாஷிங்டனில் ஏவுகணை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள் இல்லையா, கதை நடப்பது அதை ஒட்டிய நாட்களில். ஆனால் ஸ்டான் விட்டது அதற்காக என்று நான் நினைக்கவில்லை. அவரும் முன்பு தீவிர வெள்ளை இனவாதக் கும்பலுக்குள் வேறு ஆளாக மூன்று வருஷம் வாழ்ந்தவர். அந்த வாழ்க்கை அவருடைய கல்யாணத்தையே தின்றது. மனைவி போய், மகன் விலகி, ராத்திரி பீர் குடிக்கப் போக அவருக்கு இருந்த ஒரே வீடு எதிர்வீடுதான். அந்த வீட்டைச் சுட அவர் கை எழவில்லை.

ஸ்டானின் இரண்டாவது மனைவி ரெனேவும் உளவாளியா?

சொல்லவே இல்லை. இருக்கலாம் என்று ஃபிலிப் போகிறபோக்கில் ஸ்டானிடம் சொல்லிவிட்டுப் போகிறான். உறுதியாகத் தெரியாது என்றும் சொல்கிறான். நண்பனுக்குச் செய்த நன்மையா, கொடுமையா என்பதில் என் மனசு இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

விருது ஏதும் கிடைத்ததா?

தாமதமாகக் கிடைத்தது. 2018 எம்மியில் மாத்யூ ரீஸுக்குச் சிறந்த நடிகர் விருது, கடைசி எபிசோடுக்காக வைஸ்பெர்குக்கும் அவரோடு சேர்ந்து எழுதிய ஜோயல் ஃபீல்ட்ஸுக்கும் எழுத்துக்கான விருது. 2019 தொடக்கத்தில் தொடருக்கே கோல்டன் குளோப். இருவருக்கும் உத்தரவு கொடுக்கும் கேஜிபி மேலதிகாரி கிளாடியாவாக வந்த மார்கோ மார்ட்டின்டேல் அதற்கு முன்பே இரண்டு எம்மி வாங்கிவிட்டார். கெரி ரஸலுக்குக் கொடுக்காமல் விட்டது எனக்கு ஆறவே ஆறாது. ரீஸும் ரஸலும் நிஜ வாழ்க்கையிலும் ஜோடியானார்கள்.

ஹென்றியை ஏன் விட்டுவிட்டுப் போனார்கள்?

அவன் ஒருவன்தான் முழு அமெரிக்கனாக வளர்ந்தவன், ஒன்றுமே தெரியாதவன். ஃபிலிப்தான் முதலில் சொல்கிறான், அவன் இங்கேயே இருக்கட்டும் என்று. எலிசபெத்துக்கு அது புரியக் கொஞ்ச நேரம் பிடிக்கிறது. பொதுத் தொலைபேசியிலிருந்து பள்ளி விடுதிக்குப் பேசுகிறார்கள். அவனுக்கோ விளையாட்டுக்குத் திரும்பும் அவசரம். அப்பா குடித்திருக்கிறார் போல என்று நினைத்துக்கொள்கிறான்.

அப்புறம் ரயில். கனடா எல்லைக்கு முன்னால் அதிகாரிகள் பாஸ்போர்ட் பார்த்துவிட்டுப் போகிறார்கள். வண்டி நகரும்போது எலிசபெத் ஜன்னல் வழியாகப் பார்க்கிறாள், பெய்ஜ் பிளாட்பாரத்தில் நிற்கிறாள். சொல்லாமல் இறங்கிவிட்டாள். அம்மா கத்தவும் முடியாது, இறங்கவும் முடியாது. போலிப் பெயரில் உட்கார்ந்திருக்கிற அம்மா.

கடைசியில் ஊர் திரும்பிவிடுகிறார்கள். ராத்திரியில் ஒரு மேட்டில் காரை நிறுத்தி, தூரத்தில் தெரியும் மாஸ்கோ விளக்குகளைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். பிள்ளைகள் இருவரும் அங்கே, இவர்கள் இருவரும் இங்கே. முதலில் பேசுவது ஆங்கிலத்தில்தான். பிறகு எலிசபெத் ரஷ்ய மொழியில் சொல்கிறாள், பழகிவிடும் என்று.

கல்யாணம் பண்ணிவைத்த அறையிலும் இந்த இரண்டு பேர்தான் இருந்தார்கள்.